அப்பாவின் தாடை

சுந்தர்ராஜைப் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொன்னார் மருத்துவர்.

மகள் ஜாய்ஸின் தாடைக்கு வைத்தியம் பார்க்கத்தான் போடியிலிருந்து மதுரைக்கு வந்திருந்தார்கள். அதனால் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தான் சார். அந்தச் சுவரப் பாருங்க."

மருத்துவர் மூடிய பேனாவை அவர் நெற்றிக்கு நேரே பிடித்து, தொடாமல், மூக்கின் முன்னால் கீழே இறக்கினார். மேலுதட்டைத் தாண்டியதும் தாடைக்கு வழிவிட்டுப் பேனா வெளியே நகர வேண்டியிருந்தது.

"பாருங்கம்மா, அப்பாவோட அமைப்பு அப்படியே வந்திருக்கு. கீழ்த்தாடை கூடுதலா வளந்திருக்கு, மேல்தாடை பின்தங்கியிருக்கு. அதனாலதான் உங்களுக்கு முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு சேரல."

ஜாய்ஸ் அப்பாவைப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த தன் மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தர்ராஜ் இன்னும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"போதும், திரும்புங்க. போட்டோவா எடுக்குறாக?" என்று மனைவி சொர்ணலதா அவர் முழங்கையைத் தட்டினாள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் மருத்துவர். "ஒண்ணு, பல்லுக்குக் கம்பி போட்டு முடிஞ்ச அளவு சேத்துட்டு, முகவாய் நுனி எலும்ப மட்டும் வெட்டிக் குறைக்கிறது. சின்ன ஆபரேஷன். உங்க சாடை உங்ககிட்டயே இருக்கும். ஆனா கடிச்சு மெல்றது முழுசா சரியாகாது. இன்னொண்ணு, கீழ்த்தாடைய ரெண்டு பக்கமும் பிளந்து பின்னால தள்ளி, மேல்தாடைய வெட்டி முன்னால கொண்டுவந்து, தகடு வச்சு முடுக்கிறது."

"கீழ மட்டும் தள்ளுனா ஆகாதா டாக்டர்?" என்றாள் ஜாய்ஸ்.

"உங்களுக்கு நிறையத் தள்ளணும். எல்லாத்தையும் கீழயே தள்ளுனா மூச்சு போற வழி சுருங்கலாம். ரெண்டு தாடைக்குமா பங்கு போடுறதுதான் நல்லது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல கம்பி. பின்னாடி வாரக்கணக்குல தண்ணி ஆகாரம். கடி சரியாகும். முகமும் மாறும்."

"எம்புட்டு மாறும்?" என்று சொர்ணலதா கேட்டாள்.

"பாக்குறவங்களுக்குத் தெரியும்மா."

சின்னதாகச் செய்துகொண்டால் போதும் என்றுதான் வரும் வழியெல்லாம் ஜாய்ஸ் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது அவள் யோசிப்பதைப் பார்த்து, சுந்தர்ராஜின் பக்கம் திரும்பினார் மருத்துவர். "அப்பா ஒண்ணும் சொல்லலையே? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மேசையில் ஜாய்ஸின் பல்லை அச்செடுத்துச் செய்த வெள்ளைத் தாடை ஒன்று இருந்தது. சுந்தர்ராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதைச் செய், அதைச் செய் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தார். கொடுத்தவனே திருத்துவது எப்படி என்று சொல்வதா? சுட்டுவிரலால் அந்த வெள்ளைத் தாடையை மேசையின் நடுவுக்கு மெல்லத் தள்ளினார்.

ஜாய்ஸ் அந்த விரலைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லிட்டாக டாக்டர்" என்றாள். "பெருசே பண்ணிருவோம்."

போடியில் சுந்தர்ராஜுக்கு ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து சரக்கு கொண்டு வருகிறவர்கள் கைப்பிடியளவு எடுத்துத் தட்டில் பரப்பி அவர் முன்னால் வைப்பார்கள். பிடித்திருந்தால் விலை சொல்வார். பிடிக்காவிட்டால் ஒரு விரலால் தட்டை ஓர் அங்குலம் அவர்கள் பக்கமே தள்ளுவார். அவ்வளவுதான். நிறம் வெளுப்பு, காய் சிறுசு, ஈரம் போகவில்லை என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருவன் பாடுபட்டு விளைவித்ததை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்பது அந்தக் கடையில் அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம்.

"முதலாளி தள்ளிட்டாக. இனி கர்த்தரே வந்தாலும் விலை வராது. அள்ளுய்யா" என்பான், கடையில் சரக்குத் தரம் பிரிக்கும் ஈஸ்வரபாண்டி.

"தள்ளட்டும், தள்ளட்டும். எம் பொண்டாட்டி தட்டோட வீசுவா. அதுக்கு இது எம்புட்டோ மரியாதை" என்பார் போடிமெட்டு மலைக்கு மேலே சிறு தோட்டம் வைத்திருக்கும் குருசாமி. சிரித்துக்கொண்டே காயைப் பைக்குள் அள்ளுவார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜாய்ஸ் அந்தக் கடையில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பாவின் விரல் பேசும் பேச்சை அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே படித்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும்போது கார் ஆண்டிபட்டி கணவாய் ஏறியது. ஜாய்ஸ் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"மொதமொத சேலை கட்டுன கிறிஸ்துமஸ் ஞாபகமிருக்காப்பா? நல்லாருக்கான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். காப்பித் தம்ளரத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போனீக."

"ஏய், என்னடி பழசப் போயி..." என்றாள் சொர்ணலதா.

"பள்ளிக்கூடத்துல தாவாக்கட்டைன்னு கூப்பிடுறாகன்னு அழுதுட்டு வந்தேன். அன்னைக்கும் ஒண்ணும் சொல்லல. வாயால சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? நானும் உங்க கடையில வளந்தவதான."

குரலில் கோபமில்லை. சரக்கை அள்ளிக்கொண்டு போகிறவரின் குரல் அது. அதுதான் சுந்தர்ராஜைக் கலக்கியது.

அந்தக் கிறிஸ்துமஸ் காலை அவருக்கும் நினைவிருந்தது. அறைக் கதவைத் திறந்துகொண்டு அவருடைய முகமே நீலச் சேலை கட்டி வந்து நின்றது. இந்தத் தாடையை வைத்துக்கொண்டு தான் பட்டதெல்லாம் இவளும் படுவாளே என்ற பயம். கூடவே, தன் முகம் ஒரு பெண்ணிடம் போய் இத்தனை அழகாக இருக்க முடியுமா என்ற திகைப்பு. கண் கலங்குவதை அவள் பார்த்துவிடக்கூடாது என்று எழுந்து போனார். அதைச் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே தேனி வந்தது. பேருந்து நிலையத்தருகே நெரிசல். சொர்ணலதா பழம் வாங்க இறங்கினாள். அவள் திரும்பி வந்தபோது ஜாய்ஸ் கண்ணை மூடியிருந்தாள்.

கம்பி போட்டார்கள். அதை இறுக்கிவிட்டு வரும் நாட்களில் அவளுக்கு வலி. தோசையை விரலால் நசுக்கிச் சாப்பிடுவாள். எதிரே சுந்தர்ராஜ் முறுக்கைக் கையால் ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் எதையும் முன்பல்லால் கடித்ததில்லை. ஒருவரைப் போல் ஒருவர் சாப்பிடுகிறோம் என்று பேசிக்கொண்டதும் இல்லை.

சொல்லலாம் என்று பலமுறை அவள் அறை வாசல்வரை போனார். சொன்னால் தடுப்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு நாள் திரும்பினார். பிள்ளை நன்றாக மென்று சாப்பிடட்டும், என் ஆசைக்காக என் முகத்தை அவள் ஏன் சுமக்க வேண்டும் என்று இன்னொரு நாள். மழை வந்து ஏலக்காய் வரத்து கூடியபோது கடையிலேயே நேரம் போயிற்று. தட்டைத் தள்ள விரல் போகும்போதெல்லாம் இப்போது கை நின்றது.

"காய் கொஞ்சம் சிறுசா இருக்கு குருசாமி" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார்.

குருசாமியின் முகம் செத்துவிட்டது. "சொல்லிட்டீகளே முதலாளி" என்றார். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, பிறகு வற்றியது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையங்கள் இழுத்துக் கட்டியிருந்தன. பேச்சில்லை. வேண்டியதைக் கைபேசியில் எழுதிக் காட்டினாள். உதட்டுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாதங்கள் ஆகலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கடையில் காய் பொறுக்கும் இருளம்மாள் பார்க்க வந்தாள். "அடி ஆத்தா! அம்மா சாடையில்ல இருக்கு. இத்தனை நாளு எங்கனடி ஒளிச்சு வச்சிருந்த?"

சொர்ணலதா சிரித்தாள். சுந்தர்ராஜ் மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைத்தெருவுக்குப் போனார். மாத்திரை வீட்டிலேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொர்ணலதா ஆராதனைக்குப் போன பிறகு, அவர் கேழ்வரகுக் கூழை வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் இழுத்து, மகளின் கன்னத்து ஓரமாக விட்டார். பாதி உள்ளே போயிற்று. மீதி முகவாயில் வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவர் துண்டால் துடைத்தார். துண்டை வைத்துவிட்டு வெறும் விரலாலும் துடைத்தார். அந்த இடத்தை அவள் குழந்தையாக இருந்தபோது தொட்டதுதான்.

"ஆத்தா" என்றார். "அன்னைக்கு நீ சேலை கட்டி வந்தப்ப நான் குறை கண்டு எந்திரிக்கல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எம் மூஞ்சி ஒங்கிட்டப் போயி அம்புட்டு அழகா இருந்துச்சு. சின்னதுலருந்து எனக்குக் கண்ணாடியே ஆகாது. ஒன்னப் பாத்த பெறகுதான் இது அப்படி ஒண்ணும் மோசமில்லன்னு தோணுச்சு. மதுரையில நான் எதையும் வேண்டாம்னு தள்ளலத்தா. வார்த்தை வரல. கை சும்மா இருக்கல."

ஜாய்ஸ் அவரையே பார்த்தாள். மூச்சு மூக்கில் சத்தமாக வந்தது. கைபேசியை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நீட்டினாள்.

"இப்ப யாருகிட்டப்பா சொல்றீக?"

அவர் படித்தார். திரை தானாக இருண்டது. இருண்ட கண்ணாடியில் அவருடைய தாடை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அவள் கண்ணிலிருந்து இறங்கிய நீர் புதிய முகவாயில் வந்து நின்றது. அது அங்கே நிற்பதும் அவளுக்குத் தெரியவில்லை. கூழ் ஆறிக்கொண்டிருந்தது. சுந்தர்ராஜ் சிரிஞ்சை மறுபடி நிரப்பினார். ஜாய்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து, தன் கன்னத்தின் ஓரத்துக்குத் தானே கொண்டுபோனாள்.