தெற்குப் பார்த்த எஞ்சின்

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அபயாம்பாள் பின் அறையை எட்டிப் பார்த்தாள். எஞ்சின் வந்திருந்தது.

அந்தப் பொம்மை எஞ்சினை அவள் புருஷன் வேங்கடசுப்ரமணியன் காலையில் தண்டவாளம் பதித்த பலகையின் தெற்குக் கோடியில், ஜன்னலை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அது தண்டவாளம் முழுவதையும் கடந்து, வடக்குக் கோடியில் இருந்த வட்டப் பள்ளத்தின் விளிம்பில், வீட்டுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சாவி கொடுத்தால்தான் ஓடும். சாவியோ அவருடைய பூணூலில் முடிந்து, அவரோடு ஃபோர்ட் பேட்டை ஆபீஸில் இருந்தது. வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஸ்பிரிங்கில் மிச்சம் இருந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தினமுமா மிச்சம் இருக்கும்?

"வந்துட்டியாடா பஞ்சு?" என்றாள். பயம் என்றோ விட்டுப் போயிருந்தது. வேதனைதான் விடவில்லை.

பஞ்சு அவர்களுடைய ஒரே பிள்ளை, துறைமுகத்தில் குமாஸ்தா. மீசை முளைத்தவனுக்கு ரயில் பொம்மை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மாதுங்கா மாமிகள் சிரித்தார்கள். அவன் கேட்டால்தானே! சோர் பஜார் பழைய சாமான் கடைகளில் எஞ்சினைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தான். அப்பாவையும் சேர்த்துக் கெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் மண்டியிட்டுத் தண்டவாளம் போடுவார்கள். கடைசியில் பாக்கி நின்றது டர்ன்டேபிள் ஒன்றுதான். எஞ்சினைத் தாங்கிக்கொண்டு தட்டாமாலை சுற்றி, வந்த திசைக்கே முகம் திருப்பி அனுப்புகிற வட்ட மேடை. அதற்குப் பள்ளம் மட்டும் வெட்டி வைத்திருந்தான்.

"அது ஆச்சுன்னா வண்டி வரலாம், போகலாம். நாம கையால தூக்கித் திருப்ப வேண்டாம்பா" என்பான்.

சித்திரை விஷுவை ஒட்டிய அந்த வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் கப்பல் வெடித்தது. மாதுங்கா வரை ஜன்னல்கள் அதிர்ந்தன. பஞ்சு வீடு திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதிலிருந்துதான் எஞ்சின் தினமும் சாயங்காலம் தானாக வந்து நின்றது; அவர் தினமும் காலையில் அதைத் தூக்கித் தெற்குக் கோடியில் வைத்துவிடுவார்.

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் பண்ணலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று சாஸ்திரிகள் வந்து சொன்னார்.

"பூணூலை வலது தோளுக்கு மாத்திக்கோங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

போனவர்களுக்குச் செய்கிற காரியத்துக்குத்தான் பூணூல் அப்படித் தோள் மாறும். வேங்கடசுப்ரமணியன் இடது தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் பிள்ளை உடம்பைக் காட்டுங்கோ, மாத்திக்கறேன்."

சாஸ்திரிகள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பஞ்சு விட்டுப்போன டர்ன்டேபிளைத் தானே முடிக்கிறேன் என்று அவர் கிளம்பினார். பழைய கிராமபோனின் தட்டைக் கழற்றினார். குர்லாப் பட்டறையில் ஒரு பேரிங் வாங்கிவந்தார். தட்டின் மேல் தண்டவாளத் துண்டை ஈயம் வைத்து ஒட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றவிட்டால் பாதியில் முரண்டு பிடித்து நிற்கும். மறு ஞாயிறு பிரிப்பார், மாட்டுவார், மறுபடி நிற்கும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வேலை. கிருதாவை ஒரு நூல் பிசகாமல் சவரம் செய்கிற மனுஷருக்கு இது மட்டும் ஏன் படிய மாட்டேன் என்கிறது என்று அபயாம்பாள் பரிதாபப்பட்டாள்.

இன்று, பள்ளத்தருகே நின்ற எஞ்சினைப் பார்க்கப் பொறுக்காமல், தட்டை அவளே விரலால் சுற்றிப் பார்த்தாள். பாதியில் நின்றது. கொண்டை ஊசியை எடுத்து விளிம்புக்கு அடியில் துழாவினாள். ஒரு தீக்குச்சித் துண்டு வெளியே வந்தது. இரண்டு முனையும் கத்தியால் சீவியிருந்தது. தானாக விழுந்த குச்சி இப்படிச் சீவிக்கொண்டா விழும்?

தட்டை மறுபடி தொட்டாள். சத்தமே இல்லாமல் முழுச் சுற்றுச் சுற்றியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குச்சியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ஏன்னா, என்ன இது?"

அவர் பார்த்தார். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லவும் தெரியவில்லை.

"திருப்பினாப் போயிடுவன், அபயம். தெக்கப் பாத்துத் திருப்பிட்டா, அப்பறம் வரமாட்டன்."

தெற்கு எமன் திசை. அது அவளுக்கும் தெரியாததல்ல.

"அதுக்காக இப்படியா? தெனம் வந்து முட்டிண்டு நிக்கறான். எள்ளும் தண்ணியும் இல்லை, போக வழியும் இல்லை. நாம என்ன பெத்தவாளா, ஜெயிலர்களா?"

"நோக்குக் கல்லு மனசு."

"கல்லாவே இருந்துட்டுப் போறேன். நீங்க திருப்பறேளா, நான் திருப்பட்டுமா?"

அவர் எழுந்தார். எஞ்சினை மெதுவாகத் தள்ளி மேடைமேல் ஏற்றினார். கன்னத்தைத் தடவுகிற மாதிரி தட்டை விரலால் சுற்றினார். எஞ்சின் அவர்களுக்கு முதுகைக் காட்டி, தெற்கு ஜன்னலைப் பார்த்து நின்றது. சட்டைக்குள் கைவிட்டுப் பூணூலை வெளியே இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. அபயாம்பாள்தான் அவிழ்த்துச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

அவர் குனிவதற்குள் சக்கரங்கள் அசைந்தன. சாவி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. எஞ்சின் அவசரமில்லாமல் தண்டவாளம் முழுவதும் ஓடி, ஜன்னலடியில் போய் நின்றது.

மறுநாள் அவர் ஆபீஸ் போகவில்லை. எஞ்சினைத் தொடவுமில்லை. விளக்கேற்றும் நேரத்தில் இருவரும் பின் அறை வாசலில் நின்றார்கள். ஸ்டேஷன் பக்கம் லோக்கல் வண்டி ஒன்று வந்து, நின்று, போனது. பள்ளத்தருகே ஒன்றும் வரவில்லை. ஜன்னலடியில் எஞ்சின் முதுகைக் காட்டியபடியே நின்றது. வெளிச்சம் முழுக்கப் போகிறவரை பார்த்தார்கள். இதைத்தான் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கிடைத்ததும் பொறுக்கவில்லை.

"ஏன்னா" என்றாள். "ஒரே ஒரு தடவை, அதை எடுத்து இந்தப் பக்கம் திருப்பி வெச்சுடுங்கோளேன். நாளைக்கு ஒரு நாள் வரட்டும். நான் அவனை ஒழுங்காப் பாக்கவே இல்லையே."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாவி இல்லாமல் லேசாகிவிட்ட பூணூலை இடது தோளிலிருந்து எடுத்து, வலது தோளில் போட்டுக்கொண்டார்.

"சாஸ்திரிகளுக்குச் சொல்லி அனுப்பு" என்றார்.