பெயில் போட்ட பலகை

எங்கள் விருதுநகரில் பி.ஈ. முடித்தவனுக்கு எவ்வளவு மரியாதையோ, கிட்டத்தட்ட அவ்வளவு மரியாதை பி.ஈ. (பெயில்) என்று போட்டுக்கொள்பவனுக்கும் உண்டு. பெயிலாக வேண்டுமென்றாலும் காலேஜ் வாசலை மிதித்திருக்க வேண்டுமே! சுந்தர்ராஜ் வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் இல்லாத ஊர்க்காரன், தண்ணீர்க் கணக்குப் போடும் ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் போய்விட்டான். இதற்கெல்லாம் ஆளைக் குறை சொல்வதா? கட்டினால் அவனைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

1963இல் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை கட்ட செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுந்தர்ராஜுக்கு அங்கே வேலை கிடைத்தது, எனக்கு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. அவர்களில் பெரிய அதிகாரியின் பெயர் நோவாக். அவர்கள் நாட்டில் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுவதில்லை. தேறிய என்ஜினீயருக்குப் பெயருக்கு முன்னால் 'இங்.' என்று போடுவார்களாம். வெறும் நோவாக் என்று கூப்பிட்டால் மனிதருக்கு முகம் சுருங்கிவிடும். வாசலில் எல்லார் பெயரையும் அந்த முறையில் பலகையில் எழுதப்போவதாகச் சொன்னார். 'இங்.' இல்லாதவன் என்ஜினீயர் இல்லை.

விஷயம் என் அப்பா யோபு வாத்தியார் காதுக்கு எட்டியது.

"பலகையில என்ஜினீயர்னு பேரு ஏறட்டும். அதுக்கப்புறம் கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்றேன்" என்றார். மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசிக்காமல் எங்கள் கிறிஸ்தவர்களில் கல்யாணம் ஏது?

நோவாக் என்னைக் கூப்பிட்டு, வேலை மனுவில் சுந்தர்ராஜ் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருப்பது என்ன என்று கேட்டார். பெயில் என்ற வார்த்தை அவருக்குத் தெரியும். ஆனால் தோற்றதை ஒருவன் பெயரோடு சேர்த்துப் போட்டுக்கொள்வான் என்று பாவம் அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு ஏதோ பெரிய பட்டம் என்று நினைத்துவிட்டார்.

"இங். நோவாக், வெறும் பி.ஈ. இங்கே ஆறேழு பேர் இருக்கிறார்கள். இப்படிப் போட்டுக்கொள்பவர் ஊரிலேயே இவர் ஒருவர்தான்" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

பலகையில் இங். சுந்தர்ராஜ் என்று ஏறியது. அதுவும், ஒழுங்காகப் பாஸ் செய்த இன்னொரு என்ஜினீயர் செல்வமணிக்கு மேலே!

"ஏ புள்ள, இது தப்பில்லையா?" என்றான் சுந்தர்ராஜ்.

"ஓலை வாசிச்சு முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதீக."

சனிக்கிழமை அப்பா கோட்டும் குடையுமாக வந்து பலகை முன்னால் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பெயிலு?"

"அதான் இங்.னு போட்டிருக்கேப்பா. என்ஜினீயர்னு அர்த்தம்."

"அது எவனுக்குத் தெரியும்? பி.ஈ. பெயிலுன்னு சபையில அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இதைப் பாக்குறவன், மாப்ள காலேஜ் பக்கமே போகலைன்னு பேசமாட்டானா?"

தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். "ஐயா, இவர் நான்கு வருஷம் படித்துப் பெயிலானவர்! அதை எடுக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்று நல்ல இலக்கண சுத்தமான இங்கிலீஷில் நோவாக்கைக் கேட்டார்.

என் வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று நினைத்தேன். நோவாக்குக்குக் காது வரை சிவந்தது. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பெயிண்டரை வரச்சொல்லி 'இங்.'கைச் சுரண்டச் சொன்னார். பெயரைக் கடைசிக்கு இறக்கி, பின்னால் பி.ஈ. (பெயில்) போடச் சொன்னார். "பரீட்சைக்கு லீவு தருகிறேன். பாஸ் செய்தால் 'இங்.' உனக்கு" என்றார் சுந்தர்ராஜிடம். எனக்குத் தண்டனையாகப் பழைய பைல் அத்தனையும் மறுபடி டைப் செய்யும் வேலை. அப்பா மட்டும் பரம திருப்தியோடு அவர் கையைக் குலுக்கிவிட்டு வந்தார்.

மறுநாளே ஓலை வாசித்தார்கள். பி.ஈ. பெயில் என்று பாஸ்டர் ஐயா கணீரென்று வாசித்ததும் அப்பா திரும்பிச் சபையை ஒரு பார்வை பார்த்தார்.

கல்யாணம் முடிந்த பிறகு பரீட்சை முடிவு வந்தது. பாஸ்! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருவருமாக அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மாப்ள இப்பிடிப் பண்ணிட்டீக? ஊருக்கே ஒத்த ஆளா இருந்தீக. இப்பம் அந்தச் செல்வமணியும் நீங்களும் ஒண்ணாயிட்டீகளே!"