பஸ்ஸை நிறுத்த ஒரு ஆம்பளை

காலை டவுன் பஸ் அந்த ஊரில் நிற்பதே இல்லை. நின்றால் ஏறப்போவது பாஸ் வைத்திருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், காசில்லாமல் போகிற பெண்களும்தானே! தூரத்திலேயே அவர்களைப் பார்த்துவிட்டு டிரைவர் ஒரே அழுத்தாக அழுத்திப் பறந்துவிடுவார். மனு கொடுத்துக் கொடுத்து ஊருக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். வெள்ளை வேட்டியில் ஒரு ஆம்பளை நின்றால் மட்டும் பிரேக் தானாக வேலை செய்யும். டிக்கெட் எடுக்கிற ஆளாயிற்றே.

அதனால் திருவாதவூருக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சிற்றூரில் முறை வைத்துக்கொண்டார்கள். தினம் ஒரு வீட்டு ஆம்பளை பையும் கையுமாக நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பஸ் நின்றதும் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். அவர் எதையோ மறந்துவிட்டவர்போலத் திரும்பிவிடுவார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கனகா வீட்டு முறை. மகள் இசைவாணிக்கு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த மார்க் போனது போனதுதான். புருஷன் மொக்கைச்சாமியோ அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

பஸ் நின்றது. கண்டக்டர் வாசலை மறித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க மொதல்ல ஏறுங்க. பிள்ளைக பொறவு ஏறட்டும்” என்றார். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதும் மனுஷன் ஏறியேவிட்டார்! விசில் ஒலித்தது, பஸ் பறந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் ரோட்டில்.

மகளோடு நிறுத்தத்துக்கு வந்திருந்த கனகா புருஷனுக்குப் போனைப் போட்டாள். “ஒங்கள யாருங்க ஏறச் சொன்னது?”

“அண்ணேன்னு கூப்புட்டாருடி...”

“கூப்புட்டா? பிள்ளைக்குப் பரீச்சை! நீங்க போயி எழுதப் போறீகளாக்கும்?”

“நான் டிக்கெட்டு எடுக்கல. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஓடியா” என்றார்.

டிக்கெட் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு போய் செக்கிங்கில் மாட்டினால் கண்டக்டர் பாடு திண்டாட்டம். கண்மாய் வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கனகாவும் பிள்ளைகளும் மூச்சு வாங்க ஓடி வந்தபோது உள்ளே ஒரே கூச்சல்.

“டிக்கெட்டு எடு, இல்ல எறங்குய்யா!”

மொக்கைச்சாமி கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தார். “பிள்ளைக ஏறட்டும். நானே எறங்குறேன்.”

இசைவாணி முதலில் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். கனகா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பாதி சீட் காலியாகக் கிடந்தது.

மொக்கைச்சாமி இறங்கியதும் கண்டக்டர் படியில் நின்று கத்தினார். “இனிமே ஒங்க ஊர்ல பஸ்ஸே நிக்காது, பாத்துக்கங்க!”

“இம்புட்டு நாளும் நின்னுச்சாக்கும்?” என்றாள் கனகா.