கை கொடுத்தவர்கள்

ஜூன் இரண்டாம் தேதி காலை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்த தன் வலது கையால் முதன்முறையாக மூன்று கிலோ டம்பெல்லைத் தூக்கினார். அதே நேரத்தில், நாலு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் இரண்டு கைகளிலும் பிடிமானம் போயிற்று. தட்டு விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. விரல்கள் மடங்கின, நீண்டன. எதையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக்குக்குக் காயம் பட்டது குளிர்காலத்தில். ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, கல்யாண மோதிரம் ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே வந்தது. விரலின் பெரும்பகுதி மோதிரத்தோடு மேலேயே நின்றுவிட்டது. மருத்துவர்கள் ஒரு பகல் முழுக்க நரம்பையும் தசைநாரையும் தைத்து அதைத் திரும்பப் பொருத்தினார்கள். அதற்குமுன் வார்டில் கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்கள், உறவினர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம், கை கொடுப்போம் என்றார் மனைவி. முடிதிருத்தும் கடை வைத்திருந்த மச்சினனும் பக்கத்து வார்டுக்குக் கேட்கும்படி அதையே சொன்னான். மாமியார் மட்டும், தனக்கே மூட்டு வலி, தன்னால் ஒன்றும் ஆகாது என்று பச்சையாகக் கையை விரித்தார். அதற்காக அன்று எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மூலையிலிருந்த பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள்.

கட்டுப் பிரித்தபின் அவர் மாவு உருண்டையைப் பிசைந்தார், ரப்பர் வளையத்தை விரல்களால் விரித்தார், ஈரத் துணியைப் பிழிந்தார். முன்னேற்றம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. டம்பெல் தொட்ட நாளிலிருந்து தாவத் தொடங்கியது. பிடியின் வலுவை அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்ட் பெண் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு, "இவ்ளோ சீக்கிரம் யாருக்கும் வராது சார். வீட்ல நல்லா கை கொடுக்கறாங்க போல," என்றார். மெக்கானிக் தலையாட்டினார். அந்த நாட்களில் மனைவி பால் பாத்திரத்தை இரண்டு முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கித் தூக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

எட்டு கிலோ தூக்கிய அன்று மச்சினனின் கத்தி நழுவியது. நாற்காலியில் இருந்த வங்கி ஊழியருக்குக் காதுக்குக் கீழே ஒரு கீறல்; இன்னும் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் கதை வேறு. மச்சினன் கடையைப் பூட்டிவிட்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். பூட்டியதுகூட அவன் இல்லை, அந்த வங்கி ஊழியர்தான். "மாமா, அடுத்த தடவை தூக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. கத்தியக் கீழ வெச்சிட்றேன்," என்றான். அக்காவுக்குப் பிடி போனதும் மாமா முதல் டம்பெல்லைத் தூக்கிய அன்றுதான் என்று வழியிலேயே கணக்குப் போட்டிருந்தான். ஏன் இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்பதைக் கண்டுபிடித்தவர் மாமியார். அடுப்பு, துடைப்பம், பூட்டு எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்து சேர்ந்திருந்த கோபத்தில் இருந்தார். "குடுக்கறேன்னு சொன்னவங்களுக்குத்தான் போகுது. நான் சொல்லல. அன்னிக்கு நான் கைய விரிக்கலன்னா இன்னிக்கு இந்த வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது," என்றார்.

மெக்கானிக் அன்றே பயிற்சியை நிறுத்தினார். ஒரு மாதம் கூடத்தின் பக்கமே போகவில்லை. அவர் கை மெலிந்தது, தைத்த விரல் விறைத்தது. ஆனால் போனது யாருக்கும் திரும்பவில்லை. மனைவியின் பாத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன, மச்சினனின் கடைக் கதவில் தூசி ஏறியது. அவர் விட்ட பலம் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. இதற்கிடையில் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து, செப்டம்பர் சோதனையில் அந்தக் கையால் இருபது கிலோவைத் தூக்கி நிறுத்தாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குடும்பத்தில் சம்பாதித்த கைகள் மூன்று ஜோடி. மனைவி தையல் வேலை செய்தவர். இப்போது மிச்சமிருந்தது அரை ஜோடி.

"தூக்குங்க," என்றார் மனைவி. "எங்களுக்குப் போனது போயிடுச்சு. நீங்களும் விட்டுட்டா இந்த வீட்ல யாருதான் பிடிக்கறது?"

மெக்கானிக் மகளை உட்காரவைத்துக் கேட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளும் ஏதாவது சொன்னாளா? மகள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "நான் தூங்கிட்டு இருந்தேம்பா," என்றாள். சத்தியமா என்று கேட்டார். சத்தியமாக என்றாள். அவர் நம்பினார். நம்ப வேண்டியிருந்தது. மறுநாளே கூடத்துக்குப் போனார். இரவல் வாங்கிய பலம் பதினைந்து கிலோவரை வந்தது. அதற்குமேல் டம்பெல் தரையில் ஆணி அடித்ததுபோல நின்றது. புதிதாக யார் கையிலிருந்தும் எதுவும் விழவில்லை. அது அவருக்கு நிம்மதியாகவும் பயமாகவும் இருந்தது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, நிறுவனத்தின் பணிமனையில் சோதனை நடந்தது. கருவிப் பையில் இருபது கிலோ இரும்பு. மெக்கானிக் குனிந்து பிடித்தார். பை முதலில் அசையவில்லை. பிறகு வெறும் பையைப்போல மேலே வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று காலை பள்ளியில், மற்றப் பிள்ளைகள் இரும்புக் கம்பிகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, மகள் மட்டும் வகுப்பறையிலேயே இருந்தாள் என்று ஆசிரியை பின்னால் சொன்னார். பென்சில் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலையும் உள்ளே வைத்துவிட்டாள். மேசைமேல் விழக்கூடிய பொருள் எதுவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அவள் செருப்பின் வாரை அவிழ்க்க முடியாமல் வாசலில் நின்றபோது மெக்கானிக்குக்குப் புரிந்தது. மண்டியிட்டு வாரை அவிழ்த்தார். தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னியே என்றார்.

"பொய்தான். உங்கள உள்ள கொண்டு போறப்ப காதுல சொன்னேன். மயக்க மருந்து குடுத்திருந்தாங்க, நீங்கதான் தூங்கிட்டு இருந்தீங்க. நிஜத்தச் சொல்லியிருந்தா நீங்க தூக்கியிருப்பீங்களா?"

அந்தத் தெருவில் இப்போது யாரும் யாருக்கும் கை கொடுப்பதாகச் சொல்வதில்லை. பித்தப்பைக் கல்லுக்காக எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்கப் போனவர்கள் பைக்குள் கையை விட்டுக்கொண்டே நலம் விசாரித்துவிட்டு வந்தார்கள். மெக்கானிக் பழைய வேலையில் இருக்கிறார். நகரத்தில் அவர் இறுக்கிய போல்ட்டுகளை வேறு யாராலும் கழற்ற முடிவதில்லை. காலையில் மனைவிக்கு ஊக்கு மாட்டுகிறார், மச்சினனுக்குச் சவரம் செய்கிறார், மகளுக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறார். பிறகு அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவள் பிடிப்பதில்லை.