சாமிப் புகை

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது ஜன்னல் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? பின்னால் எத்தனை யோசித்தும் முனீஸுக்கு அது சரியாக நினைவு வரவில்லை. ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த பனியன் வெட்டுத்துணியைத் தானே பிடுங்கியது மட்டும் நினைவிருந்தது. துணி கறுத்துப் பிசுபிசுத்தது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒற்றை அறை லைன் வீடு. அக்கா விஜயராணி பனியன் கம்பெனியில் டெய்லர். தாய் தகப்பன் போனபின் அவனை வளர்த்ததும் அவள்தான். மூச்சுத் திணறலோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, வீட்டுக்குள் புகையே ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் டாக்டர். அன்றே விறகடுப்பை வாசலுக்குத் தள்ளினான். கொசுவத்தியைத் தூக்கி எறிந்தான்.

அப்படியானால் இந்தக் கரி?

மனைவி ஆஷாவைச் சுவரோரம் நிறுத்திக் கேட்டான்.

"நான் ஷிப்ட்டுக்குப் போனப்பறம் உள்ள அடுப்பு பத்த வச்சியா?"

"இல்ல."

"ஜன்னல யாரு அடைச்சது?"

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கார ஆயம்மாள் குறுக்கே வந்தாள். "ஏங்கண்ணு, எழவு ஊட்ல பொண்டாட்டியப் போலீஸ்காரனாட்டக் கேள்வி கேக்கற? ஆளுக வர்றாங்க, தள்ளி நில்லு சாமி."

இவளும் சேர்ந்து மறைக்கிறாளோ என்று தோன்றியது. ஆஷாவின் அண்ணன் அருள்செல்வன் தேனியிலிருந்து வந்துகொண்டிருந்தான். காரியம் முடிந்ததும் அவளை அவனோடு அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தான்.

எட்டு மாதக் குழந்தை மோனிஷா காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். பால், கிலுகிலுப்பை, ஆயம்மாளின் தோள், எதற்கும் அடங்கவில்லை. அழுகைக்கு நடுவே இருமல் வேறு.

யாரோ கரித்துண்டு கனலும் தூபக்காலைக் கொண்டுவந்து அக்காவின் தலைமாட்டில் வைத்து, சாம்பிராணி தூவினார்கள். புகை எழும்பிப் பரவியது.

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. புகை வந்த பக்கம் திரும்பி, பழகிய பிள்ளைபோலத் தலையைக் கவிழ்த்து, பிடரியைக் காட்டிக்கொண்டு இருந்தது.

முனீஸ் ஆஷாவைப் பார்த்தான்.

"தினமும் குளிக்க ஊத்தி அக்காதான் சாம்பிராணி காட்டுவாக," என்றாள் அவள். "காத்து பட்டா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்னு இடுக்கெல்லாம் அடைச்சதும் அவுகதான். டாக்டர் சொன்னாரேன்னேன். அது அடுப்புப் புகைக்குச் சொன்னதுடி, இது சாமிப் புகை, ஒண்ணும் செய்யாதுன்னாக."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, பிள்ளைய அவுககிட்ட இருந்து பிரிக்கப் பாக்கேன்னு சொல்லியிருப்பீக."

அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

முனீஸ் தூபக்காலை எடுத்துப்போய்த் தெருவில் வைத்தான். "என்னப்பா இது, பொணத்துக்கு முன்னாடி!" என்று ஒருவர் கத்தினார். அவன் திரும்பவில்லை. குழந்தை மறுபடி அழத் தொடங்கியது.

துக்கத்துக்கு வந்த அருள்செல்வன் காரியம் முடிந்ததும் சாயங்கால பஸ்ஸில் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினான். ஆயம்மாள் அடுத்த மாதம் சுவருக்கு வெள்ளையடித்தாள். மோனிஷாவின் இருமல் மெல்ல நின்றது. அக்கா வேலை பார்த்த கம்பெனியிலேயே ஆஷா சேர்ந்தாள். முனீஸ் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவைக்கிறான்.