பலகையில் ஒரு டோக்கன்

என் மகள் தமிழ்நிலா கூடத்துத் தரையில் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ஆக்சா பிளேடால் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தாள். கனம் குறையுமாம். சுற்றிலும் சாமான் பரப்பி வைத்திருந்தாள். சுருட்டிய கூடாரம், அலுமினிய ஏனம், பொட்டலம் பொட்டலமாகச் சத்துமாவு. ஒவ்வொன்றையும் அவள் அம்மாவின் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து முதுகுப்பையில் திணித்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் பம்ப் பார்த்தவன். இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கியிருக்கிறேன். சம்பளம் கொடுத்தார்கள், சுமந்தேன். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதித்துவிட்டு, லீவு போட்டுப் போய் மூட்டை தூக்குகிறவளை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இமயமலையில் ஏழு ஏரி, மூன்று கணவாய், ஒன்பது நாள். தனியாக.

“ஏரி பாக்க எதுக்கு அம்மாந்தூரம்? பழைய குழியில தண்ணி நிக்குது, போய்ப் பாரு. மலை வேணும்னா மண்ணு கொட்டி வெச்சிருக்கோம், அதுல ஏறு.”

“அது நீங்க கொட்டனதுப்பா. இது தானா நிக்குது.”

பதில் மட்டும் தயாராக இருக்கும். தண்ணீரைப் பற்றி எனக்கு எவளும் சொல்ல வேண்டாம். கரிக்கு அடியிலிருந்து அது பொங்கிக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் சுரங்கமே ஏரியாகிவிடும். ஏரி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு வேலை. இருட்டில் நின்றுகூடச் சத்தத்தை வைத்துச் சொல்வேன், பம்ப் தண்ணீரை இழுக்கிறதா, வெறும் காற்றை இழுக்கிறதா என்று. அப்படிப்பட்டவன் பெற்ற பெண், தண்ணீர் பார்க்கப் பனியில் நடக்கிறாள்.

புறப்படும்போது அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். எந்த நாள் எந்த ஏரி, எந்தக் கணவாய் என்று பெரிய பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள். அடியில் ஒரு போன் நம்பர். மலையடிவாரக் கிராமத்தில் கூடாரம் வாடகைக்கு விடும் ஆளுடையது.

“ஒம்பதாம் நாள் ஆறு மணிக்குள்ள நான் போன் பண்ணலன்னா இவருக்குக் கூப்புடு. ஆளுங்கள மேல அனுப்புவாரு.”

“உங்கண்ணங்கிட்ட குடு. அவன்தான் படிச்சவன்.”

“அண்ணன் யார் சொன்னாலும் நம்பிடுவான். நீ ஒருத்தரையும் நம்ப மாட்ட. அதான் உங்கிட்ட.”

காகிதத்தைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன். குத்தும்போதே எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது.

சுரங்கத்தில் நாங்கள் இறங்கும்போது அவனவன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பலகை ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். ஏறி வந்ததும் அவனவன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஒன்று தொங்கினால், ஆள் கீழே இருக்கிறான் என்று தேடப் போவார்கள். சட்டம் அதுதான். ஆனால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒருவன் டோக்கனை இன்னொருவன் எடுத்துவிடுவதும் உண்டு. ஒரு நாள் என்னோடு பம்ப் பார்த்த ராயப்பன் டோக்கன் தொங்கியது. “அவன் அப்பவே மேல போயிட்டாம்பா” என்று எவனோ சொன்னான். நான் அதையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ராயப்பன் பம்ப் குழியோரம் இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தான். பலகை காலி, அதனால் தேட ஆளில்லை. மறுநாள் காலை ஷிப்ட்காரன் பார்த்தான். இன்றைக்கும் ராயப்பன் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கட்டையை ஊன்றித்தான் நடக்கிறான். அவன் டோக்கனை எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது, என் மனைவி கனகத்துக்கும் சொன்னதில்லை. என்னைப் பார்த்தால் ராயப்பன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மகன் மதிவாணன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். மலையில் அவளைப் பார்த்த எவனோ ஒருவன், அவள் கொடுத்த நம்பருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறான். நீல ஏரி, முன்னால் தமிழ்நிலா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முந்தாநாள் பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், கடைசிக் கணவாய் ஒன்றுதான் பாக்கி, இறங்கிவிடுவாள் என்று எழுதியிருக்கிறானாம். கனகம் போட்டோவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீடே லேசாகிவிட்டது. மகன் எழுந்து கிரிக்கெட் வைத்தான்.

நான் காலண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை ஆயிற்று. ஆறாயிற்று. செல்லை எடுத்தேன்.

“இன்னாப்பா பண்ற? அதான் நல்லாருக்கான்னு சொல்லிட்டானே. டவர் இருக்காது அங்க.”

“சொன்னவன் யாரு?”

“யாரோ. கூட நடந்தவன்.”

“முந்தாநாள் பாத்தவன் இன்னிக்கி எப்படிச் சொல்லுவான்?”

“நீ பீதியக் கெளப்பிகினு இருக்க. அங்க நாலு பேரு சும்மா மலை ஏறுவாங்க, அவ அந்தாண்ட டீ குடிச்சிகினு இருப்பா. வந்து உன்னப் பாத்துச் சிரிப்பா.”

“சிரிக்கட்டும். வந்து சிரிக்கட்டும்.”

கனகம் என் கையைப் பிடித்தாள். “ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கூப்புடுங்களேன்.”

“அவ டோக்கன அவதான் எடுக்கணும்,” என்றேன். “வேற எவன் எடுத்தாலும் எடுத்ததாவாது.”

கனகம் என் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால், ராயப்பனைத் தூக்கி வந்த அன்றைக்கு நான் சோறு உண்ணாமல் படுத்துக் கிடந்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையை விட்டுவிட்டாள்.

நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினேன். இந்திக்காரன் எடுத்தான். வடக்கிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்களிடம் வேலை வாங்கியதில் ஒட்டிக்கொண்ட நாலு வார்த்தைதான் எனக்குத் தெரியும்.

“லட்கி. அகேலா. தமிழ்நிலா. நஹி ஆயா.” பெண், தனியாள், வரவில்லை என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவன் ஏதோ கேட்டான். காகிதத்தைப் பார்த்துக் கடைசிக் கணவாயின் பெயரை எழுத்துக்கூட்டி மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் அவனுக்குப் புரிந்தது. “ருக்கோ, ருக்கோ” என்றான், இரு இரு என்று. செல்லைக் கீழே வைத்துவிட்டு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

அதற்குப் பிறகு ஆள் சத்தம் இல்லை. காதோடு அழுத்திப் பிடித்தேன். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேகம், கல்லில் மோதி விழுகிற ஓட்டம். மோட்டார் இரைச்சல் எங்கேயாவது கேட்கிறதா என்று பழக்கத்தில் தேடினேன். இல்லை. யாரும் இறைக்காமல், யாரும் நிறுத்தாமல், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகன் டிவியை அணைத்தான். காகிதம் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.