மஞ்சள் தெளிந்த கண்

முந்திரிக்கொத்துப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு குழித்துறை பஸ்ஸில் இருந்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த முதல் கிறிஸ்மசுக்கு அப்பன் பலகாரம் கொண்டு போக வேண்டும். அதற்காக மட்டும் போகவில்லை. மகள் பிளஸ்ஸியிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அவள் மாமியார் காதில் விழாமல் அதைச் சொல்ல வழியில்லை.

என் மூத்தவன் ஜெபசீலன் ஈரலில் புற்று வந்து குலசேகரத்து வீட்டில் கிடக்கிறான். வயிறு பானை, கை கால் ஈர்க்குக்குச்சி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை, ஆனாலும் ஒரு சொட்டு குடிக்காதவன். யார் நம்புகிறார்கள்? "ரப்பர் வெட்டுகவன் குடிக்காம இருப்பானாவே?" என்று டீக்கடையில் என் முகத்துக்கு நேரே சிரித்தான் சுந்தரராஜ்.

டாக்டர்மாரை நான் நம்புகிறவன் இல்லை. ஒரு ஸ்கேன் எடுத்தால் அடுத்த ஸ்கேன் என்பார்கள். ஆனால் அவனைப் பார்த்த பெண் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "குடி இல்ல தாத்தா. மஞ்சக்காமாலைக் கிருமி. பிறக்கும்போதே அம்மாட்ட இருந்து வந்திருக்கும். அது பெருகப் பெருக மாறும். மாறினதுல சில வகையால புற்று வர வாய்ப்பு கூடுதல். இவருக்கு உள்ளது அந்த வகை."

ரப்பர் விதை போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரே மரத்து விதைதான், முளைக்கிறது ஒன்று போல இருக்காது. ஒன்று பால் தரும், ஒன்று பட்டை அழுகி நிற்கும்.

முன்பு இவனுக்கும் இவன் அம்மை தங்கபாய்க்கும் மஞ்சள் வந்தபோது பச்சைமருந்து குடித்து, உப்பில்லாக் கஞ்சி குடித்து, கண் வெளுத்ததும் நோய் போயிற்று என்று சபையில் எழும்பிச் சாட்சி சொன்னார்கள். தங்கபாய் பிறகு வயிறு வீங்கிச் செத்தாள். அப்போதும் ஒருவரும் ரத்தம் பார்க்கவில்லை.

"மகளுக்கும் ரத்தம் பாருங்க. இருந்தா இப்பவே கவனிக்கலாம். அவ புருஷனுக்கும் பாத்துத் தடுப்பூசி போடணும்" என்றாள் டாக்டர்.

குழித்துறை வீட்டில் பிளஸ்ஸியின் மாமியார் ஷீஜா டீ தந்தாள். "பிளஸ்ஸிக்க அண்ணனுக்கு எப்பிடி இருக்கு? பாவம். ஒளிச்சுக் குடிச்சா ஈரல் சும்மா விடுமா?"

"அண்ணன் குடிக்காது அத்தே" என்றாள் பிளஸ்ஸி.

"ஏட்டி, நீ அண்ணனுக்கு வக்கீலா?"

நான் பேசாமல் இருந்தால் மகன் குடிகாரனாகச் சாவான், மகளுக்கு வீடு மிஞ்சும். அந்த வீட்டுக்குள் அவளும் ஒருநாள் வயிறு வீங்கிக் கிடப்பாள்.

"குடி இல்ல" என்றேன். "ரத்தத்துல உள்ள கிருமி. அம்மைக்கிட்ட இருந்து வந்தது. இவளுக்கும் பாக்கணும். உனக்க மகனுக்கும் பாக்கணும்."

ஷீஜா பிளஸ்ஸியை மேலும் கீழும் பார்த்தாள். "கட்டிக்குடுக்கும்போ தெரியாதா?"

"இப்பத்தான் சொன்னாவ."

"நல்ல கதை."

முந்திரிக்கொத்துத் தட்டை ஒற்றை விரலால் தள்ளினாள். நான் குடித்த டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக் கொண்டுபோய் வெளியே குழாயடியில் போட்டாள். டம்ளரில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள்.

பிளஸ்ஸி என் பின்னாலேயே முற்றத்துக்கு வந்தாள்.

"அப்பா, எனக்கும் உண்டுமா?"

"பாத்தாத்தான் தெரியும் மக்களே. செருப்பைப் போடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் ஒருதரம் வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெயிலில் அவள் கண் இரண்டும் நல்ல வெள்ளையாக இருந்தன. சபையில் எழும்பி நின்றபோது ஜெபசீலனுக்கும் அப்படித்தான் இருந்தது.